கச்சையில் இருந்த வெட்டு

அந்தக் காட்சியகத்தின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. அதில் உட்கார்ந்து கிழிந்த துணிகளைச் சரிசெய்வதுதான் நூலக்காவின் வேலை. அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை வந்ததில்லை. வாசல் காவலாளி முதல் இயக்குநர் மேடம் வரை எல்லாருக்கும் அவள் நூலக்காதான்.

யாராவது "துணி தைக்கிறீங்களா" என்று கேட்டுவிட்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தைப்பது தையல்கடையில். இவள் செய்வது இழை ஓட்டுவது. கிழிந்த இடத்தில் எந்த இழை மேலே போயிருக்கும், எது கீழே நுழைந்திருக்கும் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். அதே துணியின் ஓரத்து மடிப்பிலிருந்து நாலு இழையை உருவிக்கொள்வாள். பிறகு மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டுவாள். முடித்த பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கிழிசல் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

மூன்று வருடத்தில் அவள் கைக்கு எத்தனையோ வந்து போயின. அவற்றில் ஏழு கச்சைகள். மலைவாழ் மக்கள் நெய்தவை, நாலு விரல் அகலம், இரண்டு ஆள் இடுப்பைச் சுற்றும் நீளம், கரும்பழுப்பில் சிவப்புக் கட்டங்கள். ஏழிலும் ஓர் அதிசயம்: கிழிசல் ஒரே இடத்தில் இருந்தது. சரியாக நடுவில், குறுக்காக, பாதி அகலத்துக்கு. நூலக்கா அதை ஒழுங்காகக் குறிப்பேட்டில் எழுதினாள். "நடுவில் கிழிசல். ஓரம் பிசிறு இல்லாமல் இருக்கிறது" என்று ஏழு தடவையும் எழுதினாள். பிசிறு இல்லாத ஓரம் என்றால் என்ன அர்த்தம் என்று துணியோடு பிறந்து வளர்ந்த அவளுக்குத் தெரியாதா? தெரியும். இழுத்துக் கிழிந்தால் இழை தொங்கும். கத்தி பட்டால்தான் இப்படி நறுக்கென்று இருக்கும். ஆனாலும் அவளுக்கு அந்த நேரத்தில் ஓட்ட வேண்டிய இழைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

குறிப்பைப் படித்த இயக்குநர் மேடத்துக்கு வேறு ஒன்று தெரிந்தது. ஏழு கச்சையும் ஒரே இடத்தில் கிழிந்திருக்கிறதென்றால், அங்கேதான் இடுப்பு முடிச்சு வந்து உராய்ந்திருக்கிறது. ஆகவே இவை கல்யாணப் பெண்கள் கட்டி ஆடிய கச்சைகள் என்று மேடம் ஒரு கட்டுரை எழுதினார். முப்பத்திரண்டு பக்கம். அதை வாசிக்க விமானம் ஏறிப் போனார். கழுத்தில் பதக்கம் போட்டு அனுப்பினார்கள். அந்த மலையில் ஏறி ஒரு மனுஷனிடம் "இது ஏங்க இங்கே கிழிஞ்சிருக்கு" என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். ஆனால் அரை நிமிடப் பதிலுக்கு யார் பதக்கம் தருவார்கள்?

இப்போது அந்த ஏழில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, அதை நடுநாயகமாக வைத்துப் பெரிய கண்காட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் இடுப்பு மட்டும் உள்ள ஒரு பொம்மை. தலை இல்லை, கால் இல்லை, இடுப்பு மட்டும். அதையும் கொஞ்சம் வளைத்துச் செய்யச் சொல்லியிருந்தார் மேடம். பக்கத்தில் விளக்கப் பலகை. 'மணமகள் கச்சை. சிவப்பு மங்கலத்தைக் குறிக்கிறது. முனையில் உள்ள நாலு விரல் பச்சைப் பகுதி வளமையையும் கருவுறுதலையும் குறிக்கிறது.' அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், கச்சையைக் காட்சியகத்துக்குக் கொடுத்த ஆராய்ச்சிக்காரரின் பெயரும் பட்டங்களும். மனிதர் செத்துப் பத்து வருடமாகிறது. பட்டங்கள் மட்டும் சாகவில்லை.

கண்காட்சிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது லைன்மேன் வந்தார்.

மின்கம்பம் ஏறுகிறவர். நாற்பத்தேழு வயது, குட்டையான உருவம், கணுக்காலில் கம்பம் ஏறிய தழும்பு. மலையில் பிறந்து, வேலைக்காக இறங்கி வந்து, கீழேயே தங்கிவிட்டவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கம்பத்தில் பழுது பார்க்க ஏறியிருக்கிறார். எதிரே கண்காட்சி விளம்பரப் பலகை. அதில் ஆள் உயரத்துக்கு அந்தக் கச்சையின் படம். "கையில பிடிச்சிருந்த கட்டிங் பிளேயரை விட்டுட்டேன்மா. கீழ ஒருத்தன் தலை தப்பிச்சுது" என்று பிற்பாடு நூலக்காவிடம் சொன்னார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அதைப் பார்க்க வேண்டும். மேடத்துக்கு வாயெல்லாம் பல். மலை மக்களில் ஒருவர் தானே தேடி வந்திருக்கிறார் என்றால் சும்மாவா? முதலில் இரண்டு படம் எடுத்துக்கொண்டார். "சிரிங்க, கொஞ்சம் இயல்பா நில்லுங்க" என்றார். பிறகு பத்து நிமிடம் காட்டச் சொல்லி நூலக்காவின் அறைக்கு அனுப்பினார்.

நூலக்கா மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் கச்சையை நீளமாகக் கிடத்தியிருந்தாள்.

"கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடணும்ணே."

"ஏம்மா, கரண்டு பாயுமா?"

"இல்லண்ணே, கை ஈரம் பட்டா துணி கெட்டுடும்."

லைன்மேன் சிரித்தார். "இதைக் கட்டிக்கிட்டு எங்க அக்கா அடைமழையில விறகு சுமந்திருக்கா." ஆனாலும் கையுறையைப் போட்டுக்கொண்டார். சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். பச்சை முனையைத் தொட்டுப் பார்த்தார். "இதுதான். எங்க அத்தைக்குச் சிவப்பு நூல் தீர்ந்துபோச்சு. கடை போகச் சோம்பேறித்தனம். கிடைச்ச பச்சையை வெச்சு முடிச்சுட்டாங்க. எங்கம்மா சாகற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி நாத்தனாரைக் குத்திக்கிட்டே இருந்தாங்க."

நூலக்காவுக்கு அந்த விளக்கப் பலகை ஞாபகத்துக்கு வந்தது. வளமை, கருவுறுதல். சிரிப்பு முட்டியது.

அவர் கச்சையை முனையிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே நடுவுக்கு வந்தார். நின்றார். திரும்பவும் முனையிலிருந்து வந்தார். குனிந்தார். புரட்டிப் பார்த்தார்.

"இதுல ஒரு வெட்டு இருக்கணுமே."

"இருந்துச்சு" என்றாள் நூலக்கா. அவளையும் மீறிக் குரலில் ஒரு நிமிர்வு வந்துவிட்டது. மூன்று வருடமாக அவள் வேலையை ஒருவரும் இப்படி உற்றுப் பார்த்ததில்லை. "எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் போனார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட, நாற்காலி அங்கே இருந்தது, அதனால் தரையில் விழவில்லை என்பதே சரி.

"மூட்டிட்டீங்களா?"

பிறகு அவரே சொன்னார். குழந்தை பிறந்ததும் அப்பாவோடு பிறந்தவள் நெய்து தருவது இது. பிறந்த பட்டை என்பார்கள். ஆணோ பெண்ணோ, ஆளுக்கு ஒன்றுதான், ஆயுளுக்கும் ஒன்றுதான். நல்ல நாள், கெட்ட நாள் எல்லாவற்றுக்கும் அதுதான் இடுப்பில். ஆள் இறந்துவிட்டால், அவருக்கு அடுத்துப் பிறந்த தம்பியோ தங்கையோ அதை நடுவில் வெட்ட வேண்டும்.

"பாதிதான் வெட்டணும். முழுசா வெட்டினா எங்களை அறவே மறந்துடுவாங்களாம். வெட்டாம விட்டா போகவே முடியாதாம், மாடு கட்டின மாதிரி இங்கயே சுத்திக்கிட்டு நிப்பாங்களாம். அதான் பாதி. அக்காவுக்கு இருபத்திரண்டு வயசு, காய்ச்சல்ல போயிட்டா. எனக்குப் பன்னெண்டு. நான்தான் வெட்டினேன். அப்புறம் ஓடைக்கரை மரத்துல போட்டுடுவோம். மழையில மக்கணும், பூச்சி தின்னணும். யாரும் தொடமாட்டாங்க."

"அப்ப இங்க எப்படிண்ணே வந்துச்சு?"

"எங்க வீட்டுலதான் மூணு மாசம் தங்கியிருந்தார் ஒரு ஆராய்ச்சிக்காரர். எங்கம்மா கையால தின்னார். அவர் கிளம்பிப் போன மறுநாள் மரத்துல பட்டை இல்ல. காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும்னு எங்கம்மா சொன்னாங்க." அவர் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத்தனை வருஷமா மக்கலைன்னாலும் வெட்டாவது இருக்கே, அவ போயிட்டாளேன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன்மா. நீங்க மூட்டி வெச்சிருக்கீங்க."

நூலக்கா ஊசியை எடுத்தாள். "நான் பிரிச்சுடறேன்ணே. நான் ஓட்டின இழைதானே. ஒரு மணி நேரம் போதும்."

"பிரிச்சா பிரிச்சதுதான்மா. வெட்டினதாகாது. மூடினதை நான்தான் வெட்டணும்."

போகும்போது அவர் கண்ணில் மேசை ஓரத்துத் தட்டுகள் பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு கச்சை, மொத்தம் ஆறு. அவர் எண்ணவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். "இதுக்கெல்லாம் அவங்கவங்க தம்பி தங்கச்சி இருப்பாங்க" என்று மட்டும் சொன்னார். அவளிடம் அவற்றின் படங்களை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் நூலக்கா குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். ஏழு பிணத்தை எழுப்பிச் சேலை கட்டி உட்கார வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அதுவும் என்ன நேர்த்தியாக! எங்கே தைத்தாள் என்று செத்தவர்களுக்கே தெரியாது.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் பேனாவை வைத்துவிட்டுக் கன்னத்தில் கை கொடுத்துக் கேட்டார். கேட்கக் கேட்க மேடத்தின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அய்யோ, நூலக்கா! எவ்வளவு அழகான விஷயம்! பாதி வெட்டுறது... மறக்கவும் கூடாது, பிடிச்சு வைக்கவும் கூடாது. எனக்குப் புல்லரிக்குது, பாருங்க" என்று முழங்கையைக் காட்டினார்.

"அப்ப அவரை வெட்ட விட்டுடலாமா மேடம்?"

"எதை? ஒரிஜினலையா? விளையாடுறீங்களா? அது காட்சியகச் சொத்து. வேணும்னா மனு கொடுக்கச் சொல்லுங்க, குழு இருக்கு, பரிசீலிப்பாங்க. மூணு வருஷம், நாலு வருஷம் ஆகும்."

"பலகையில கல்யாணக் கச்சைன்னு இருக்கே மேடம்?"

"கண்காட்சிப் புத்தகமே அச்சாயிடுச்சே. அடுத்த பதிப்புல ஒரு அடிக்குறிப்பு போட்டுக்கலாம். அவர் ஒருத்தர் சொல்றதை வெச்சு ஒரு கோட்பாட்டையே மாத்திட முடியாது பாருங்க." மேடம் எழுந்து நடந்தார். அவருக்கு யோசனை வந்துவிட்டது என்று அர்த்தம். "திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டணுமில்லையா? ரிப்பன் எதுக்கு? அதே மாதிரி ஒரு கச்சை செய்யுங்க. அதை வாசல்ல குறுக்கே கட்டுவோம். சிறப்பு விருந்தினர் அதை வெட்டித் திறக்கட்டும்! பழைய பந்தத்தை வெட்டிட்டுப் புது அனுபவத்துக்குள்ள நுழையறோம்னு நான் ரெண்டு வரி பேசிடறேன். உங்க லைன்மேனையும் கூப்பிடுவோம், முன்வரிசையில உட்கார வெச்சுப் பொன்னாடை போர்த்துவோம்."

நூலக்காவுக்கு எதையாவது எடுத்து அடிக்க வேண்டும் போல இருந்தது. கையெட்டும் தூரத்தில் பதக்கம்தான் இருந்தது.

"தத்ரூபமா இருக்கணும், பழசு மாதிரி. படத்துல அப்பத்தான் எடுக்கும்" என்றார் மேடம். "இது நல்லபடியா முடிஞ்சா உங்களை நிரந்தரமாக்கற கோப்பை நானே தூக்கிட்டுப் போறேன்."

நூலக்காவின் கணவர் பல் செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. காலையில் அவர் ஒரு மேல்வரிசைப் பல்லை மெருகேற்றிக்கொண்டிருந்தபோது அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் மோட்டாரை நிறுத்தினார்.

"அந்த டைல்ஸ் கம்பெனி முதலாளியா சிறப்பு விருந்தினர்? நான்தான் அவருக்குக் கீழ்வரிசை செஞ்சேன். இளிக்கறதுக்குக் குறைவே இருக்காது."

"ஏங்க, எனக்கு அருவருப்பா இருக்குங்க. தின்னது வெளிய வந்துடும் போல இருக்கு."

"செய்ய மாட்டேன்னு சொல்லிடேன்."

"நான் சொன்னா வேற ஒருத்தி செய்வா. அதை வாசல்ல கட்டத்தான் போறாங்க. அவரோட அக்கா கண்ணாடிப் பெட்டிக்குள்ள அப்படியேதான் கிடப்பா."

கணவர் பல் வரிசையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நான் செஞ்ச பல்லையும் சொந்தப் பல்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, டாக்டரே குழம்புவார். நீ செஞ்சா?" என்று கேட்டார்.

அவர் தொழில் பெருமைக்காகத்தான் சொன்னார். ஆனால் நூலக்கா அதற்குப் பிறகு காப்பியைக் குடிக்கவில்லை.

பதினைந்து நாள் உட்கார்ந்து நெய்தாள். சின்னத் தறிச் சட்டம், பழைய ரகப் பருத்தி நூல். கட்டத்துக்குக் கட்டம் எண்ணினாள். தேயிலைத் தண்ணீரில் முக்கி, வெயிலில் போட்டு, கல்லில் தேய்த்துப் பழசாக்கினாள். முனையில் சிவப்பை நிறுத்திவிட்டு நாலு விரலுக்குப் பச்சை வைத்தாள். அப்போது மட்டும் யாரோ ஓர் அத்தையின் சோம்பேறித்தனத்தை நினைத்துக் கொஞ்சம் சிரித்தாள். மேடம் வந்து பார்த்துவிட்டு, "எது ஒரிஜினல்னு எனக்கே தெரியல போங்க" என்றார். முப்பத்திரண்டு பக்கம் எழுதியவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பொம்மையின் இடுப்பில் கச்சையைச் சுற்றி ஊசி குத்தி நிறுத்துவதும் நூலக்காவின் வேலைதான். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மத்தியானம், தான் நெய்ததைப் பொம்மைக்குக் கட்டினாள். கண்ணாடியைப் பூட்டினாள். அசலைத் துணியில் சுற்றி, 'ரிப்பன்' என்று சீட்டு எழுதி, அலமாரியில் வைத்தாள். சீட்டை எழுதும்போது கை கூசியது. பிறகு லைன்மேனுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு வாசல்ல கட்டப்போறது உங்க அக்காவோடதுதான்ணே. மேடத்துக்குத் தெரியாது. நீங்க கத்திரியை வாங்கிடணும். எப்படியாவது."

அவர் ஏதோ கம்பத்தின் கீழே நிற்கிறார் போல. வண்டிச் சத்தம் கேட்டது.

"அவ்வளவு ஆளுங்க நடுவுலயா?"

"எனக்கு வேற வழி தெரியலண்ணே."

"சரிம்மா" என்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் இரண்டு பித்தளைக் கம்பங்களை நிறுத்தி, குறுக்கே கச்சையைக் கட்டினார்கள். கட்டியது அலங்காரப் பந்தல்காரரின் ஆள். இழுத்து, தொய்யாமல் இருக்க இரண்டு முடிச்சுப் போட்டான். நூலக்கா ஓரமாக நின்று பல்லைக் கடித்துக்கொண்டாள். விருந்தினர்கள் ஒவ்வொருவராக வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி அதைத் தன் இடுப்புக்கு நேராகப் பிடித்து எடுத்துக்கொண்டாள். "எனக்கு எடுப்பா இருக்கில்ல?" என்று கணவனிடம் கேட்டாள். சீ என்று இருந்தது நூலக்காவுக்கு.

லைன்மேன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். மேடம் பேசினார். பந்தம் என்றார், பாலம் என்றார், காயம் என்றார், ஆற்றுதல் என்றார். இடையில் இரண்டு தடவை டைல்ஸ் முதலாளியின் பெரிய மனசைப் பற்றியும் சொன்னார். அந்தப் பெரிய மனசுக்குச் சொந்தக்காரர் கீழ்வரிசை மின்ன முன்னால் வந்தார். தட்டில் கத்திரி வந்தது.

"நீங்களும் வாங்க, நீங்களும் பிடிங்க" என்று மேடம் லைன்மேனின் கையைப் பிடித்து இழுத்தார். "மூணு பேரும் சேர்ந்து பிடிக்கலாம். போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

கத்திரியின் மேல் முதலாளியின் கை. அதன் மேல் மேடத்தின் கை. அதன் மேல் லைன்மேனின் கை. இதை நூலக்கா யோசிக்கவே இல்லை. இந்தக் கத்திரி இப்படி வெட்டிவிட்டால் எல்லாம் போயிற்று. பிறகு ஆயுசுக்கும் வெட்ட முடியாது.

"சார், கொஞ்சம் விடுங்க சார்" என்றார் லைன்மேன்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கம்பத்தின் மேல் இருந்து 'லைனை ஆஃப் பண்ணு' என்று கீழே இருப்பவனுக்குச் சொல்கிற குரல் அது. முதலாளி சட்டென்று கையை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் தான் ஏன் எடுத்தோம் என்று விழித்தார். உடனே சமாளித்துக்கொண்டு, "அவரே வெட்டட்டும், மக்கள் கையால திறக்கட்டும்!" என்று உரக்கச் சொன்னார். மேடமும் விலகினார்.

லைன்மேன் கச்சையின் நடுவை விரலால் அளந்தார். குனிந்தார். வாய்க்குள் ஒரு பெயரைச் சொன்னார். அந்தக் காட்சியகத்தின் பலகையில் எங்கேயும் இல்லாத பெயர். பாதி வரை வெட்டினார். நிறுத்தினார்.

"முழுசா, முழுசா!" என்று படம் எடுப்பவர் கத்தினார். "அறுந்து விழற மாதிரி வேணும்!"

"இவ்வளவுதான்" என்றார் லைன்மேன். முடிச்சுகளை அவரே அவிழ்த்தார். கச்சையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. "அதை எடுங்க, அழறதை எடுங்க" என்று மேடம் படம் எடுப்பவரிடம் கிசுகிசுத்தார். கூடம் அதிரக் கைதட்டல் எழுந்தது. நூலக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆயிற்று, ஆயிற்று, எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவி ஆயிற்று! இத்தனை நாள் வயிற்றில் கிடந்த குமட்டல் ஒரே நொடியில் இறங்கிப்போனது போல் இருந்தது. மூன்று வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை.

மேடம் நல்ல மனநிலையில் இருந்தார். "அதை நீங்களே ஞாபகார்த்தமா வெச்சுக்குங்க" என்று கச்சையை லைன்மேனுக்கே கொடுத்துவிட்டார். காட்சியகத்தின் முத்திரை போட்ட காகிதப் பையும் ஒன்று கொடுத்தார். பிறகு எல்லாரும் உள்ளே போனார்கள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. நூலக்கா தேயிலைத் தண்ணீரில் முக்கி எடுத்த துணியைப் பார்த்து, ஆராய்ச்சி மாணவர்கள் இடுப்பு முடிச்சின் உராய்வு எங்கே தெரிகிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பின்வாசலில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் லைன்மேனைப் பிடித்தாள். பொன்னாடை வண்டியின் கைப்பிடியில் தொங்கியது. காகிதப் பை குப்பைத் தொட்டியில் கிடந்தது. கச்சையைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்திருந்தார். அந்த இடம் புடைத்திருந்தது.

"ஓடைக்கரைக்கா போறீங்கண்ணே?"

"ஆமாம்மா. இருட்டறதுக்குள்ள போயிடுவேன். மரம் இருக்கான்னு தெரியல. ஏதோ ஒரு மரம்." வண்டிச் சாவியை எடுத்தார். "பெரிய உதவி பண்ணீங்க. வேற யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க."

"நான் பண்ணின பாவத்துக்கு இதாவது பண்ணணுமில்லண்ணே."

அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"அன்னைக்கு நான் வெட்டறப்ப எங்கம்மா தன் வாயைத் தானே பொத்திக்கிட்டாங்க. சின்னப் பிள்ளைங்க வாயைக்கூடப் பொத்திட்டாங்க. ஒரு சத்தம் வரக்கூடாது. சத்தம் கேட்டா போறவ திரும்பிப் பார்த்துடுவாளாம்." சாவியைப் போட்டார். "இன்னைக்கு அத்தனை பேரும் கைதட்டினாங்க."

"அவங்களுக்கு என்னண்ணே தெரியும்! அதுங்களுக்கு எதைக் கண்டாலும் தட்டணும்" என்றாள் நூலக்கா ஆத்திரத்தோடு. "மனுஷ ஜென்மமா அதெல்லாம்?"

"நிமிர்ந்து உங்களைத்தான் தேடினேன்மா" என்றார் லைன்மேன். குரலில் கோபம் இல்லை. "நீங்களும் தட்டிக்கிட்டிருந்தீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். உள்ளங்கை இரண்டும் இன்னும் சூடாக இருந்தன.

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.